விலை ஏறினால் பூட்டையும் பாருங்கள்
கடைப் பாதுகாப்பும் பொருளாதார நிலவரமும்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வியாபாரிகள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இரண்டு பேச்சு கட்டாயம் வரும். ஒன்று, வியாபாரம் மந்தம். மற்றொன்று, களவு பயம். இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்து, "பஞ்சம் வந்தால் திருட்டும் கூடவே வரும்" என்று முடித்துவிட்டு அவரவர் கடைக்குப் போய்விடுகிறோம். இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று நாம் நிதானமாக யோசித்ததில்லை. சரியாகத் தெரிந்துகொண்டால் எந்த மாதத்தில் எந்தச் சரக்குக்குக் காவல் கூட்ட வேண்டும் என்பது தெரியும். தவறாகத் தெரிந்துகொண்டால், நம் கடையில் மூடை தூக்கிப் பிழைக்கும் நல்ல மனிதர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, உண்மையான திருடனுக்குப் பின்கதவைத் திறந்து வைத்தவர்கள் ஆவோம். ஆகவே இந்தப் பாடத்தைப் பழைய காலத்திலிருந்து தொடங்கி, நம் தெருவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

1. பஞ்ச காலம் சொல்லும் செய்தி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழை பொய்த்தது, தானிய விலை மடங்கு மடங்காக ஏறியது. அந்தக் காலத்துப் போலீஸ் பதிவேடுகளை ஆராய்ந்த சரித்திர ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். தானிய விலை உச்சத்தில் இருந்த வருஷங்களில் கொள்ளைகளும் உயர்ந்தன. நல்ல மகசூல் வந்த வருஷங்களில் அவை தணிந்தன. கொள்ளை போனவற்றில் முக்கியமானது தானியம்தான்: வண்டியில் போன மூடைகள், களஞ்சியங்கள், கடைகள்.

முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், 1918 செப்டம்பரில், அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் கிடுகிடுவென்று ஏறியபோது சென்னை நகரிலும் மாகாணத்தின் பல ஊர்களிலும் கடைகள் சூறையாடப்பட்டன. அப்போது ஜனங்களுக்கு இருந்தது பசி மட்டுமல்ல. வியாபாரிகள் பதுக்கி வைத்துக்கொண்டு விலையை ஏற்றுகிறார்கள் என்ற கோபமும் சேர்ந்திருந்தது. தட்டுப்பாடு வரும் காலத்தில் நேர்மையாக, எல்லோருக்கும் ஒரே விலையில், இருப்பதைப் பகிர்ந்து விற்பவன் கடைக்கு அதுவே ஒரு காவல் என்பதை நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று நிலைமை வேறு. ரேஷன் கடை வந்துவிட்டது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமலே வழங்கப்படுகிறது. வயிற்றுப் பசிக்காக அரிசி மூடையைத் தூக்கும் காலம் ஏறக்குறைய மலையேறிவிட்டது. ஆனாலும் திருட்டு ஒழிந்துவிடவில்லை. அப்படியானால் இன்றைய திருட்டுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

2. மில் ஊர்கள் கற்க வேண்டியது

ராஜபாளையம் மில்களால் வளர்ந்த ஊர். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து, ஷிப்டு சங்குக்கும் நம் கல்லாப்பெட்டிக்கும் சம்பந்தம் உண்டு. பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நெசவும் பால்கோவாவும், சுற்றிலும் கண்மாய்ப் பாசன விவசாயமும். இத்தகைய ஊர்களுக்கு ஒரு பெரிய எச்சரிக்கை பம்பாயில் நடந்தது.

1982 ஜனவரி 18-ந் தேதி தத்தா சாமந்த் தலைமையில் பம்பாயில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 60-க்கு மேற்பட்ட மில்கள். சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். அது ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தது. பல மில்கள் பிறகு திறக்கவே இல்லை. பல்லாயிரம் பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பரேல், லால்பாக் போன்ற மில் பகுதிகளில் சம்பளம் இல்லாத வீடுகளில் வளர்ந்த இளைஞர்கள் சிலரை ரவுடிக் கும்பல்கள் எளிதில் இழுத்துக்கொண்டன. 1980-களிலும் 1990-களிலும் அந்த நகரத்து வியாபாரிகளும் கட்டடக் காண்டிராக்டர்களும் 'ஹப்தா' என்ற பெயரில் மாமூல் கட்டி அவதிப்பட்டதை நாடறியும்.

இதிலே நாம் தவறவிடக் கூடாத செய்தி ஒன்று உண்டு. இரண்டரை லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் கும்பலில் சேரவில்லை. காய்கறி விற்றார்கள், கைவண்டி இழுத்தார்கள், சொந்த ஊருக்குத் திரும்பினார்கள், மனைவி நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். வேலையிழந்தவன் எல்லாம் திருடன் ஆவதில்லை. ஆனால் வேலை கொடுக்கவோ கடன் கொடுக்கவோ ஆளில்லாத தெருவில், இளைஞனைத் தேடி முதலில் வருபவன் கெட்டவனாகத்தான் இருப்பான்.

நம் ஊரில் மில் நிலவரம் பத்திரிகையில் வருமுன்னே நம் பற்று நோட்டில் வந்துவிடும். 2022 மே மாதத்தில் பருத்தி விலை 356 கிலோ கொண்ட ஒரு கண்டிக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. முந்தைய வருஷத்தைப் பார்க்க ஏறத்தாழ இரு மடங்கு. தமிழ்நாட்டில் பல நூற்பாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. இதுபோன்ற காலங்களில் எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களின் கணக்கில் நாங்கள் காண்பது இதுதான்: மாதம் ஒரு சிப்பம் எடுத்தவர் அரைச் சிப்பம் எடுப்பார், பதினைந்து நாள் தவணை முப்பது நாளாகும், செக் ஒன்றிரண்டு திரும்பும். அவர் கடையில் கிலோ வாங்கியவர் கால் கிலோ வாங்குவார். வேலை குறைந்தவன் முதலில் செய்வது சிக்கனம், அடுத்து கடன். களவு அவன் பட்டியலிலேயே இல்லை. அவன் நம் கடன்காரன். நாளை வேலை வந்ததும் பாக்கியைத் தீர்க்கப் போகும் வாடிக்கைக்காரன்.

மந்த காலத்தில் நாம் கவலைப்பட வேண்டிய இடம் வட்டிக் கடன். மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று பிடியில் சிக்கியவன் நிலை பரிதாபம். அதிக வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டமே வந்தது. நம் கடைப் பையன் ஒருவன் வெளியே வட்டிக்கு வாங்கி அவதிப்படுகிறான் என்று தெரிந்தால், அவனை அழைத்து விசாரித்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் முறையில் ஒரு முன்பணம் கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, கல்லாவுக்கு நல்ல பூட்டும் ஆகும்.

3. திருடனும் மார்க்கெட் நிலவரம் பார்க்கிறான்

இனி நம் பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். ஊரில் எத்தனை பேருக்கு வேலையில்லை என்பதைவிட, எந்தச் சரக்கு என்ன விலை விற்கிறது என்பதுதான் வியாபாரியின் பாதுகாப்பை அதிகம் தீர்மானிக்கிறது. சில உதாரணங்களைப் பாருங்கள்.

2019 நவம்பரில் வெங்காய விலை விண்ணைத் தொட்டபோது, மேற்கு வங்காளத்தில் கிழக்கு மேதினிப்பூர் மாவட்டத்து வியாபாரி ஒருவர் காலையில் கடையைத் திறந்தார். வெங்காய மூடைகளைக் காணவில்லை. கல்லாவில் இருந்த பணம் அப்படியே இருந்தது! 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, பெங்களூர் அருகே சுமார் இரண்டரை டன் தக்காளி ஏற்றிய வண்டியை, விபத்து நடந்ததாகச் சொல்லித் தகராறு செய்து மறித்து ஒரு கும்பல் ஓட்டிச் சென்றது. 2024 தொடக்கத்தில் வெள்ளைப்பூண்டு விலை ஏறிய சமயம் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா பகுதி விவசாயிகள் பூண்டு வயலில் கண்காணிப்புக் கேமரா மாட்டினார்கள். 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை உச்சம் தொட்டபோது கேரளத்தில் ஆலுவாவில் ஒரு கடையிலிருந்து 30 பாட்டில் தேங்காய் எண்ணெய் களவு போனது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் ரயில் பாதையோரத் தாமிரக் கேபிள் திருட்டை ஆராய்ந்தவர்கள், உலகச் சந்தையில் தாமிர விலை ஏறும்போது திருட்டு ஏறுவதையும் இறங்கும்போது இறங்குவதையும் கண்டார்கள். அந்த நாட்டு அரசாங்கம் திருடனைத் துரத்துவதோடு நிற்கவில்லை. பழைய உலோகம் வாங்கும் வியாபாரிகள் ரொக்கம் கொடுத்து வாங்கக் கூடாது என்று 2012-ல் இங்கிலாந்தில் தடை கொண்டுவந்தார்கள். விற்க வழியில்லாத சரக்கைத் திருடி என்ன பயன்?

தங்கத்தைச் சொல்லவே வேண்டாம். 2020 ஜனவரியில் சவரன் சுமார் 30,000 ரூபாய்; 2024 மார்ச்சில் 50,000-ஐத் தாண்டியது; 2025 ஏப்ரலில் 70,000-ஐத் தாண்டியது. கழுத்தில் கிடக்கும் அதே ஐந்து சவரன் சங்கிலி, திருடன் கண்ணுக்கு ஐந்து வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வழிப்பறியாகப் பிடுங்குவதைத் தனிக் குற்றமாக 304-ம் பிரிவில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மண்டியில் பருப்பு, பயறு வகைகள் முக்கியச் சரக்கு. 2015-ல் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாய் அளவுக்கு ஏறியது பலருக்கு நினைவிருக்கும். சாதாரணமாக லோடு வந்தால் மூடை எண்ணி, பத்துக்கு ஒன்றை நிறுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். விலை ஏறத் தொடங்கியதுமே அத்தனை மூடையையும் நிறுப்பது என்று வைத்துக்கொண்டோம். அப்படி நிறுத்தபோது ஒரு லோடில் பதினோரு மூடைகளில் மூன்று கிலோ வீதம் குறைந்தது. மூடை எண்ணிக்கை சரி, சாக்கும் கிழியவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றின் வாய்த் தையலில் மட்டும் சணல் புதுசாக இருந்தது. வழியில் எங்கோ பிரித்து, எடுத்து, திரும்பத் தைத்திருக்கிறார்கள். டிரைவர் எதிரிலேயே எடைச் சீட்டில் குறித்துக் கையெழுத்து வாங்கியதால் வாடகையில் கழித்துக்கொள்ள முடிந்தது. பருப்பு கிலோ எழுபது ரூபாய் விற்கும் வருஷத்தில் இந்த வேலையை யாரும் செய்யமாட்டார்கள். ஆகவே விலைப் பலகையில் எந்தச் சரக்கு மேலே போகிறதோ, கிட்டங்கியில் அதன் காவலும் மேலே போக வேண்டும்.

4. செழிப்பிலும் களவு உண்டு

நாடு கஷ்டப்படும்போதெல்லாம் குற்றம் பெருகும் என்று நினைப்பதும் பொருந்தவில்லை. 2008-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரச் சரிவு வந்து, 2009 அக்டோபரில் வேலையில்லாதோர் நூற்றுக்குப் பத்துப் பேர் ஆனார்கள். ஆனால் அங்கே திருட்டுக் குற்றங்கள் முன்பிருந்தே இறங்கிக்கொண்டிருந்தவை, அந்த வருஷங்களிலும் இறங்கிக்கொண்டேதான் போயின. நம் நாட்டிலேயே 2020-ல் கொரோனா ஊரடங்கில் கோடிக்கணக்கானோர் வருமானம் இழந்தனர். அந்த வருஷம் பதிவான திருட்டு வழக்குகள் 2019-ன் சுமார் 6.75 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 4.93 லட்சமாகக் குறைந்தன. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தெருவில் போலீஸ் நின்றது. திருடனுக்குச் சந்தர்ப்பம் இல்லை. ஆனால் அதே வருஷம் செல்போன், கம்ப்யூட்டர் வழி மோசடிகள் உள்ளிட்ட சைபர் குற்ற வழக்குகள் சுமார் 12 சதவீதம் கூடி 50,000-ஐத் தாண்டின. ஜனங்கள் எந்தப் பக்கம் நடமாடுகிறார்களோ, பணம் எந்த வழியில் போகிறதோ, அந்தப் பக்கம்தான் களவும் நகர்கிறது.

கையில் காசு புழங்கும் காலத்துக்கென்று தனிக் களவு உண்டு. அதற்குப் பெயர் 'அதிக வட்டி'. 1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் பல மூழ்கி, போட்ட பணத்துக்காக ஜனங்கள் தெருவில் நின்ற பிறகுதான் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் கவிழ்ந்தன. சுவரில் ஓட்டை போடாமல், நம்மையே பணத்தைக் கொண்டுவந்து கொடுக்கச் செய்யும் களவு இது. எந்த வியாபாரத்தில் என்ன லாபம் நிற்கும் என்று தெரிந்த நாமே, மாதம் நூற்றுக்கு ஐந்து தருகிறேன் என்பவனிடம் ஏமாறலாமா?

5. நம் இரண்டு ஊர்களின் காலண்டர்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தென்காசி, செங்கோட்டை, கொல்லம் போகும் நெடுஞ்சாலை நம் இரு ஊர்களின் வழியாகவே போகிறது. வெளியூர் வண்டி வருவதும் போவதும் ராப்பகலாக நடக்கும். அது வியாபாரத்துக்கு வரம். அதே சாலையில் ஒரு மணி நேரத்தில் மாவட்டம் தாண்டிவிடலாம் என்பது திருடனுக்கு வசதி.

ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் எள் போட்டால் எள் விழாது. ஆடி அமாவாசையில் சதுரகிரிக்குப் போகும் கூட்டம், புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் கூட்டம், கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வண்டிகள் என்று வருஷத்தில் பாதி நாள் புதுமுகங்கள் நிறைந்திருக்கும். கூட்ட நாளில் ஜேப்படியும் சங்கிலி பறிப்பும்தான் பயம். கூட்டம் முடிந்த இரவில் அசந்து தூங்கும் கடைகள்தான் பயம். தீபாவளிக்கு முன் மில் போனஸ் வரும் வாரத்தில் பஞ்சு மார்க்கெட், தென்காசி ரோடு கடைகளில் ரொக்கம் புரளும். அந்த வாரம் கல்லாவை ஒரு நாளில் இரண்டு தடவை காலி செய்ய வேண்டும். சித்திரை, வைகாசியில் முகூர்த்த நாட்களில் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வியாபாரி, பூட்டிய வீட்டைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. இந்த நாட்களையெல்லாம் குறித்த காலண்டர் ஒன்று கல்லாவுக்குப் பின்னால் தொங்கட்டும்.

6. நடைமுறையில் செய்ய வேண்டியவை

பின்சுவர்: நாம் முன்பக்க ஷட்டருக்கு நாலு பூட்டுப் போடுகிறோம். 2019 அக்டோபர் 2-ந் தேதி அதிகாலை திருச்சியில் ஒரு பெரிய நகைக் கடையிலும், 2021 டிசம்பரில் வேலூரில் ஒரு நகைக் கடையிலும் நுழைந்தவர்கள் பின்பக்கச் சுவரைத் துளைத்துத்தான் நுழைந்தார்கள். திருச்சியில் போனது சுமார் 13 கோடி ரூபாய் நகை. இரண்டிலும் பின்பக்கம் ஆள் நடமாட்டமற்ற இடம். ஆகவே மாதம் ஒரு முறை உங்கள் கடையைப் பின்னாலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சுவர் ஓரம் கிடக்கும் ஏணி, சாய்த்து வைத்த கம்பி, குவித்த செங்கல், மொட்டை மாடிக் கதவு, கழிவறை ஜன்னல் எல்லாம் கண்ணில் படும்.

கிட்டங்கி: விலை ஏறிய சரக்கைக் கதவோரம் அடுக்காதீர்கள். சுவரோரம், உள்பக்கம், அட்டிக்கு இத்தனை மூடை என்று கணக்கு வைத்து அடுக்கினால் ஒரு மூடை குறைந்தாலும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். சரக்கு இறக்கும்போது எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று இருக்கட்டும்.

நாய்: நம் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. அது ஒரே எஜமானிடம் பழகும் ஜாதி. வீட்டுக்கும் தோப்புக்கும் மிக நல்ல காவல். தினம் பத்துப் பேர் ஏற்றி இறக்க வந்து போகும் கிட்டங்கிக்குப் பொருந்தாது.

ரொக்கம்: பாங்குக்குப் பணம் கொண்டுபோகும் நேரமும் வழியும் தினம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சட்டையில் அழுக்கு என்பான். கீழே பத்து ரூபாய் நோட்டு உங்களுடையதா என்பான். வண்டி டயரில் காற்று இல்லை என்பான். இவை கவனத்தைத் திருப்பும் கூட்டத்தின் பழைய வித்தைகள். பணப்பை கையில் இருக்கும்போது அழுக்கும் துடைக்க வேண்டாம், நோட்டும் எடுக்க வேண்டாம்; நேரே பாங்குக்குள் போய்விடுங்கள்.

கியூ ஆர் அட்டை: 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் சில கடைகளின் அட்டை மீது இரவோடு இரவாக வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். வாடிக்கைக்காரர் கொடுத்த பணம் திருடன் கணக்குக்குப் போனது. தினம் காலையில் கடை திறந்ததும் நம் அட்டையில் நாமே ஒரு ரூபாய் அனுப்பி, நம் பெயர் வருகிறதா என்று பார்த்துவிடலாம். வாடிக்கைக்காரர் காட்டும் செல்போன் திரையை நம்பிச் சரக்குக் கொடுக்காதீர்கள். நம் கணக்கில் வரவு வந்த சத்தம் கேட்ட பிறகு கொடுங்கள்.

போலி அதிகாரிகள்: 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. போனில் வீடியோவில் வந்து மிரட்டுபவன் போலீஸ் அல்ல. வருமான வரித்துறைக் கடிதங்களில் 2019 அக்டோபர் முதல் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அதை இணையத்தில் சரிபார்க்க முடியும். நேரில் சோதனைக்கு வருபவரிடம் அடையாள அட்டை கேட்பது அவமரியாதை ஆகாது.

ஆட்கள்: 2022 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் ஒரு நகைக் கடன் நிறுவனத்தில் நடந்த கொள்ளையில், அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவரே முக்கியக் குற்றவாளி என்று போலீஸ் அறிவித்தது. அதற்காக எல்லா ஆட்களையும் சந்தேகக் கண்ணால் பார்த்தால் நல்லவன் வேலையை விட்டுப் போய்விடுவான். முறையை உறுதியாக வைத்தால் போதும். சாவி ஒருவரிடமும் கணக்கு மற்றொருவரிடமும் இருக்கட்டும். மாதம் ஒரு நாள், சொல்லாமல், இருப்புச் சரிபார்க்க வேண்டும். முதலாளி மகனுக்கும் அதே முறைதான் என்றால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சம்பளத்தை உரிய தேதியில் கொடுங்கள். தேதி தவறிக் கொடுக்கும் கடையில் ஆளுக்கும் மனசு தவறும்.

இன்சூரன்ஸ்: கன்னக்களவு பாலிசியில் பூட்டையோ சுவரையோ உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் பணம் கிடைக்கும். உள்ளாள் கையாடலுக்கும், வழியில் பணம் பறிபோவதற்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கேட்டு எடுக்க வேண்டும். விலை ஏறினால் சரக்கின் மதிப்பும் ஏறுகிறது. பழைய மதிப்புக்கே பாலிசி இருந்தால் இழப்பு முழுவதும் கிடைக்காது. இருப்புப் புத்தகம் அன்றன்று எழுதப்பட்டிருந்தால்தான் எதையும் நிரூபிக்க முடியும்.

7. நடந்துவிட்டால்

பூட்டு உடைந்திருப்பதைக் கண்டதும் உள்ளே ஓடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது மனித சுபாவம். அதை அடக்கிக்கொள்ளுங்கள். ரேகை நிபுணர் வரும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம். 112-க்குப் போன் செய்யுங்கள். இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி மின்னணு வழியிலும் புகார் தகவல் கொடுக்கலாம்; மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், வாங்காமல் திரும்பாதீர்கள். இன்சூரன்சுக்கும் அதுவே ஆதாரம்.

பாங்குக் கணக்கிலிருந்து பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைத்தால் திரும்பக் கிடைக்க வழி உண்டு. நமக்கோ பாங்குக்கோ சம்பந்தமில்லாத மூன்றாம் நபரின் சூழ்ச்சியால் போன பணத்தை மூன்று வேலை நாளைக்குள் பாங்குக்குத் தெரிவித்தால், நம் மீது பொறுப்பு விழாது என்று ரிசர்வ் பாங்க் 2017 ஜூலையில் உத்தரவிட்டது. ரகசிய எண்ணை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், பாங்குக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில்தான்.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வியாபாரி ஏமாந்தான் என்று ஊர் சிரிக்கும் என்று பயந்து மறைத்தால், அதே ஆள் மறுநாள் பக்கத்துக் கடையில் நிற்பான்.

8. திருட்டுச் சரக்கு யார் கடைக்குப் போகிறது?

இதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாலு மூடை மிளகாய் வற்றலைத் திருடியவன் அதை அரைத்துத் தின்னப் போவதில்லை. எங்கோ ஒரு கடையில் விலை குறைத்து விற்கத்தான் போகிறான். பில் இல்லாமல், மார்க்கெட் விலைக்கு நூற்றுக்கு இருபது குறைத்து, இருட்டிய பிறகு ஆட்டோவில் வரும் சரக்கு எப்படிப்பட்டது என்று அறுபது வருஷ அனுபவம் வேண்டுமா தெரிந்துகொள்ள? திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. மாவட்ட நீதிமன்றமே நம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே கடன் வசூலுக்கு வாதியாக ஏறி இறங்குவதே போதும், பிரதிவாதியாகவும் ஏற வேண்டாம். இரண்டு ஊர்களிலும் பில் இல்லாத சரக்கை ஒருவரும் வாங்குவதில்லை என்ற நிலை வந்தால், நம் கிட்டங்கிகளுக்கு அதைவிடப் பெரிய பூட்டு எந்தக் கம்பெனியும் செய்ய முடியாது.

பாளையக்காரர் காலத்தில் இந்தச் சீமையில் ஸ்தல காவல், தேச காவல் என்று காவல் முறைகள் இருந்தன. ஊராரும் வியாபாரிகளும் காவலுக்குப் பங்கு கொடுப்பார்கள். களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். காலப்போக்கில் அந்த உரிமையே மிரட்டி வசூலிக்கும் கருவியாக மாறியதால், 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் கம்பெனி ஆட்சி அதை எடுத்துவிட்டது. அதிலிருந்த நல்லதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். காவல் செலவு பொதுவில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் அது சிறிது. காவலின் பலனோ எல்லோருக்கும் முழுசு. சென்னையில் 2017 முதல் கமிஷனராக இருந்த ஏ.கே.விஸ்வநாதன் 'மூன்றாவது கண்' என்ற திட்டத்தில் வியாபாரிகளையும் குடியிருப்போரையும் சேர்த்துத் தெருவெங்கும் கேமராக்கள் பொருத்தச் செய்தார். பல வழக்குகளில் போலீசுக்கு அவை கைகொடுத்தன. நம் கடைகளில் கேமரா இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் கல்லாவையே பார்க்கிறது. ஒவ்வொரு கடையிலும் ஒன்றாவது தெருவைப் பார்க்கட்டும். உங்கள் கேமரா என் கடையையும், என் கேமரா உங்கள் கடையையும் பார்த்தால் தெரு முழுவதும் காவலுக்குள் வந்துவிடும்.

சங்கத்துக்குச் சில யோசனைகள்

அடுத்த பொதுக்குழுவில் இவற்றை எடுத்துப் பேசலாம் என்பது எங்கள் விருப்பம்.

ஒன்று: தெருவுக்கு ஒரு பொது இரவுக் காவலர், சம்பளம் கடை அளவைப் பொறுத்துப் பங்கீடு. இரண்டு: விலை திடீரென்று ஏறிய சரக்குகளின் பெயரை வாரம் ஒரு முறை எல்லாக் கடைகளுக்கும் தெரிவித்து, காவல் கூட்டச் சொல்வது. மூன்று: களவு போன சரக்கின் விவரம், மூடை மார்க் ஆகியவற்றை அன்றே இரண்டு ஊர்க் கடைகளுக்கும் தெரிவிப்பது. நான்கு: திருவிழா, போனஸ் வாரங்களுக்கு முன் போலீஸ் அதிகாரிகளுடன் ஒரு கூட்டம். ஐந்து: மில் அல்லது தறி வேலை குறையும் மாதங்களில் கடைகளுக்கு ஆள் தேவைப்பட்டால், வேலையிழந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம்.

இந்த ஐந்தாவதைத் தர்மக் காரியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பம்பாயில் மில் கதவு சாத்தியபோது அந்தப் பிள்ளைகளைத் தேடி முதலில் வந்தவர்கள் யார் என்று பார்த்தோம். நம் ஊரில் முதலில் போய்ச் சேருகிறவர்கள் நாமாக இருக்க வேண்டும்.